பொறுங்க அண்ணனின் பதினோரு நிமிடம்

அவரை நாங்கள் பொறுங்க அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் முதலில் வருகிற சொல் அது. "டீ குடிக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டால், உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி, "பொறுங்க" என்பார். பிறகு மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார், பதிலை யாரோ அதன் இறக்கையில் எழுதி ஒட்டிவிட்டுப் போன மாதிரி. "குடிக்கிறேன்" என்று அவர் சொல்லி முடிக்கும்போது டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். ஆனால் பதில் வரும். வராமல் இருந்ததே இல்லை.

வயது நாற்பத்திரண்டு. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. அந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். இவர் ஒற்றை ஆளாக மடிப்பார். விரிப்பின் நடுப்பகுதியைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து ஒரு உதறு உதறினால் ஓரமும் ஓரமும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முழங்கையால் ஒரு தேய். அவர் அடுக்கிய அடுக்கைப் பார்த்தால் இஸ்திரி போட்டது மாதிரியே இருக்கும். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் மடிக்கிறார். இந்தக் கதை தொடங்குகிற வரைக்கும் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் தனியாக பஸ்ஸில் போவதற்குப் பின்னால் அவருடைய அக்கா இருக்கிறார். தையல்காரர், வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. தம்பியை ஒன்றாம் வகுப்பிலேயே நாலு வருஷம் உட்கார வைத்துவிட்டு, "இவனுக்கு இது ஏறாதும்மா" என்று பள்ளிக்கூடம் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டது. ஏறாததை அக்கா ஏற்றினார். முதல் ஆறு மாதம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த ஆறு மாதம் இரண்டு இருக்கை தள்ளி. அப்புறம் ஒரு நாள் தம்பிக்கு முந்தின பஸ்ஸிலேயே போய், ஆஸ்பத்திரி வாசலில் ஒளிந்து நின்று பார்த்தார். தம்பி இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டைக் கடந்து, வாசல் காவலாளிக்கு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்குத்தான் அக்கா முழு நாளும் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்.

இனி என்னைப் பற்றி. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக எங்கள் ஊரில் ஒரு மையம் நடக்கிறது. அதில் எனக்குத் தெரு வேலை. வீடு வீடாகப் போவேன். உள்ளேயே வைத்திருக்கிற பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்லிப் பேசுவேன். கடைக்காரர்களிடம் அவர்களுக்கு வேலை கேட்பேன். பள்ளிக்கூட வாசலில் நாடகம் போடுவேன். வேலை கிடைத்ததே என் வாயால்தான். யாராவது இரண்டு நிமிஷம் பேசக் கேட்டால் போதும், அப்படியே திருப்பிப் பேசிவிடுவேன். அதனால் எனக்கு 'டேப்பு' என்று பெயர். மையத்தை நடத்துகிற மேடம் கோபத்தில் பேசுவது கொதிக்கிற கெட்டில் மாதிரி, கடைசியில் ஒரு விசில் வரும். அதை நான் செய்தால் மேடமே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பார்.

பொறுங்க அண்ணன் வேலை முடிந்ததும் சாயங்காலம் மையத்துக்கு வருவார்; அவர் குரல் எனக்கு ஒரே வாரத்தில் படிந்துவிட்டது. வார்த்தைக்கு முன்னால் மூக்கில் ஒரு 'ம்', 'ச' வருகிற இடத்தில் லேசாக ஒரு காற்று, அப்புறம் அந்தக் கை. டீ நேரத்தில் நான் எடுத்துவிட்டால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். ஒரு தடவை கேட்டார்.

"பொறுங்க... அது நானா?"

"நீங்களேதாண்ணே."

"நல்லா இருக்கு."

அதுவே எனக்கு அனுமதிச் சீட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் சிரித்தது எதற்கென்று நான் கேட்கவில்லை. இத்தனைக்கும் மையத்துச் சுவரில் கடிகாரத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'யாருக்காகப் பேசுகிறாயோ, அவரைக் கேட்டுவிட்டுப் பேசு.' பட்டைப் பேனாவால் அதை எழுதியதே நான்தான்.

பிரச்சினை ஒரு புதுக் கண்டக்டரால் வந்தது. அண்ணன் வைத்திருந்த சலுகைப் பயண அட்டையை அவர் புரட்டிப் பார்த்துவிட்டார். பின்பக்கத்தில், 'துணையாளருடன் மட்டும்' என்று பொடி எழுத்தில் இருந்தது. பன்னிரண்டு வருஷம் யாரும் படிக்காத எழுத்து.

"கூட யாருய்யா வந்திருக்கா?"

"பொறுங்க..."

"எதுக்குப் பொறுக்கணும்? ஆள் இருக்கா, இல்லையா?"

பதில் மின்விசிறியிலிருந்து இறங்கி வருவதற்குள் அண்ணனை ரோட்டில் இறக்கிவிட்டார்கள். அவர் நடந்தே போனார். ஒன்றரை மணி நேரம் தாமதம். சலவைக்கூட மேற்பார்வையாளர் வருகைப் புத்தகத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். மறுநாளிலிருந்து அக்கா தையலை அப்படியே போட்டுவிட்டுக் கூடப் போனார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பள்ளிச் சீருடை தைக்கிற பருவம் வேறு. மூன்றாவது வாரம் மையத்துக்கு வந்து, வாயிலிருந்த ஊசியை எடுத்து மேடத்தின் மேஜையில் வைத்தார்.

"என்னால முடியலைங்க. ஒண்ணு அந்த எழுத்தை எடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா அவன் வேலைய விட்டுரட்டும்."

மேடம் மனுக் கொடுத்தார். போக்குவரத்து அலுவலகத்தில் வியாழக்கிழமை அதிகாரி நேரில் கேட்பதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஊர் மக்களிடம் கையெழுத்து வாங்க ஒலிபெருக்கி வண்டி விடுவது என்று முடிவானது. மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"டேப்பு, அவரையே பேசவெச்சு ஒரு நிமிஷத்துக்குப் பதிவு பண்ணு. அவரோட வார்த்தை, அவரோட குரல். சரியா?"

"சரி மேடம்."

சாமான் அறையில் நாற்காலி போட்டு, கைபேசியை அட்டைப் பெட்டி மேல் வைத்தேன். அண்ணன் சட்டைப் பொத்தானை மேலே வரைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பதினோரு நிமிஷம் பேசினார். அதில் ஆறு நிமிஷம் மௌனம். ஒரு இடத்தில் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது.

எல்லாரும் போன பிறகு வெட்டி ஒட்டப் பார்த்தேன். மௌனத்தை எடுத்தால் வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று முட்டிக்கொண்டன. வார்த்தையை எடுத்தால் அர்த்தம் போயிற்று. பாலம், தொட்டி, டிரைவர் என்று என்னென்னவோ சொல்லியிருந்தார். ஊருக்கு எதற்கு இந்தக் கதை என்று தோன்றியது. வண்டி காலையில் கிளம்ப வேண்டும். கைபேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, மூக்கில் ஒரு 'ம்' போட்டு, நானே பேசினேன்.

"பொறுங்க... அண்ணன்மாரே, அக்காமாரே... நான் குழந்தை மாதிரி. எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க வீட்டுப் பிள்ளையா நினைச்சு... என்னைப் பஸ்ல ஏத்திக்கங்க."

நாற்பது விநாடி. 'பிள்ளையா' என்ற இடத்தில் தொண்டையை லேசாக அடைக்கவிட்டேன். திருப்பிப் போட்டுக் கேட்டபோது எனக்கே கண் கலங்கியது. என்ன கெட்டிக்காரி நான் என்று நினைத்துக்கொண்டேன்! மேடம் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே கேட்டார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அது அவர் குரல் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வண்டி மூன்று நாள் ஊரைச் சுற்றியது. கையெழுத்து மழையாகக் கொட்டியது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி கையெழுத்துப் போட்டார்கள். மையத்து வாசலில் பழைய துணி, பிஸ்கட் பொட்டலம், யாரோ ஒருவர் வைத்த கிலுகிலுப்பை. நாற்பத்திரண்டு வயது ஆளுக்குக் கிலுகிலுப்பை! நான் அதை ஆட்டிக் காட்டிச் சிரிக்கவும் செய்தேன்.

சலவைக்கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை, பாசமாகிவிட்டார்கள். "குழந்தைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய விரிப்பு? நீ உக்காரு ராசா" என்று கூட வேலை செய்கிற பெண்கள் அவர் கையிலிருந்து விரிப்பை வாங்கினார்கள். மேற்பார்வையாளர் ஒரு நாற்காலியைப் போட்டு, ஒரு கூடை தலையணை உறையைக் கொடுத்தார். இடுப்பு உயரத்திலிருந்து தாடை உயரம் வரைக்கும் விரிப்பு அடுக்கிய மனிதர், உட்கார்ந்து உறை அடுக்கினார். என்ன தப்புச் செய்தோம் என்று அவருக்குப் புரியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் வண்டி ஆஸ்பத்திரி வாசல் வழியாகப் போயிருக்கிறது. அண்ணன் உறையைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து, வண்டியை மறித்து நின்றார். இதை வண்டி டிரைவர்தான் பிறகு எனக்குச் சொன்னார்.

"பொறுங்க... இதை நான் சொல்லலை."

"உன் குரல்தானய்யா! ஊரே கேக்குது, உனக்கு மட்டும் கேக்கலையா?"

சாயங்காலம் அக்காவோடு நேரே மையத்துக்கு வந்தார். அக்கா வாசலில் மேடத்திடம் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னிடம் வந்தார். சட்டைப் பொத்தான் மேலே வரைக்கும் போட்டிருந்தது.

"தங்கச்சி... பொறுங்க... குழந்தைன்னு நான் எப்போ சொன்னேன்?"

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். சுவரில் என் எழுத்து இருந்தது. ஒரே ஒரு வார்த்தை, 'நான்தான்' என்று. எனக்கு வாசலில் நின்ற மேடத்தின் முதுகுதான் தெரிந்தது.

"சொன்னீங்கண்ணே. சாமான் ரூம்ல. மறந்துட்டீங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு நெற்றியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார், கதவைத் தட்டி உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. "மறந்துட்டேனா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனார்.

இதுவரை எத்தனையோ பேர் குரலை எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அவருடைய நினைவையும் எடுத்துவிட்டேன். அது தெரிந்தும் இரண்டு நாள் சாப்பிட்டேன், தூங்கினேன், கையெழுத்துத் தாள்களை அடுக்கினேன். அவர்தான் மாறிப்போனார். "டீ குடிக்கிறீங்களாண்ணே?" என்றால் கை மேலே போகும். "பொறுங்க" வரும். அதற்கப்புறம் ஒன்றும் வராது. கை அப்படியே கீழே இறங்கிவிடும்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் அதிகாரிக்கு எதிரே நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். அதிகாரியின் குரல் புது மெத்தை மாதிரி, எங்கே தொட்டாலும் அமுங்கும். திட்டுகிற ஆளாக இருந்திருந்தால்கூடத் தேவலை.

"உங்க வண்டி என் ஜன்னலுக்குக் கீழேதான் போச்சு. ரெண்டு தடவை கேட்டேன். மனசு கஷ்டமாயிருச்சு. அதனால ஒரு முடிவு பண்ணியிருக்கேன். கூட வர்ற துணையாளுக்கும் இனிமே டிக்கெட் வேணாம். ரெண்டு பேரும் இலவசமாப் போகலாம்."

மேடம் குழம்பிப்போனார். "சார், நாங்க கேட்டது துணையாள் இல்லாமப் போறதுக்கு."

"அதெப்படிம்மா? 'நான் குழந்தை மாதிரி, எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு அவரே சொல்றாரு. குழந்தையத் தனியா அனுப்புவோமா? நாளைக்குப் பாலத்தை மூடி பஸ்ஸை வேற ரோட்டுல விட்டா இவர் என்ன செய்வாரு?"

அக்காவுக்கு வாயில் ஊசி இல்லாவிட்டாலும் உதடு இறுகியிருந்தது. "அவன் அப்படிச் சொல்லவே மாட்டான் சார்."

"அவர் குரல்தானேம்மா? நீங்களே சொல்லுங்கய்யா. சொன்னீங்களா, இல்லையா?"

அண்ணன் கையைத் தூக்கினார். அந்த அறையில் மின்விசிறி இல்லை. சுவரில் இருந்த ஏசியைப் பார்த்தார்.

"பொறுங்க... எனக்கு... மறந்துபோச்சு."

அவர் சொன்னதிலேயே வேகமான பதில் அதுதான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்துவிட்டேன். தைரியம் வந்து எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன். அதற்கு மேல் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

"அவர் சொல்லலை சார். அது நான்."

"என்னம்மா, நீயா?" அதிகாரி சிரித்தார். "வேலை நடக்கணும்னு ஏதேதோ சொல்லாதம்மா. ஆம்பளைக் குரல் அது."

வேறு வழியில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ மேடையில் 'இன்னொரு தடவை' என்று கேட்டிருக்கிறார்கள், ஓடி ஓடிச் செய்திருக்கிறேன். அன்றைக்கு அவரை இரண்டடி தூரத்தில் வைத்துக்கொண்டு அவர் குரலை எடுத்தேன். "பொறுங்க... நான் குழந்தை மாதிரி. எனக்கு ஒண்ணும் தெரியாது..." தொண்டை அடைத்த இடம்கூடத் தப்பவில்லை. பழக்கம்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். என் உடம்பை அளவெடுத்து, துணி போதாது என்று தள்ளி வைத்தது மாதிரி ஒரு பார்வை. மேடத்தின் கெட்டில் அடங்கிக் கிடந்தது. அண்ணன் தலையைத் தூக்கினார்.

"பொறுங்க" என்றார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மேடம், "சார், அவர் என்ன சொல்ல வர்றார்னா..." என்று ஆரம்பித்ததும் அக்கா அவர் முழங்கையைப் பிடித்து அமுக்கினார். அண்ணன் மறுபடி ஏசியைப் பார்த்தார். பிறகு பதில் வந்தது.

"நான் மடிக்கிறவன். படுக்கை விரிப்பு. ஆஸ்பத்திரில... பஸ்ல போவேன். தண்ணித் தொட்டி வந்தா எந்திரிப்பேன். பாலம் வந்தா மணி அடிப்பேன்... ஒரு நாள் பாலத்தை மூடிட்டாங்க. பஸ் வேற ரோட்டுல போச்சு. தொட்டி வரலை. பயந்தேன்... டிரைவர்கிட்ட போனேன். ஆஸ்பத்திரி எப்போன்னு கேட்டேன். மூணாவது நிறுத்தம்னாரு. எண்ணினேன். இறங்கினேன்... அக்கா கூட வந்தா எனக்கு வெக்கமா இருக்கு. அக்கா தைக்கணும். நான் மடிக்கணும்... என்னைக் கேட்டா சொல்வேன். கொஞ்சம் நின்னாச் சொல்வேன்."

அடுத்து வருகிற ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். வெட்டப் பார்த்து வெட்டப் பார்த்து மனப்பாடம் ஆகியிருந்தது. சாமான் அறையில் சொன்னதை அவர் ஒரு சொல் மாற்றாமல் சொன்னார். தண்ணீர் மோட்டார் ஓடிய இடத்தில் நிறுத்தினாரே, அங்கேகூட நிறுத்தினார். அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் முதலிலேயே இருந்தது. ஊருக்கு எதற்கு என்று நான் தூக்கிப்போட்ட பாலத்தில் இருந்தது.

அதிகாரி உடனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. ஒரு வாரம் ஒரு பரிசோதகர் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்க்கட்டும் என்று எழுதினார். வாரம் முடிந்ததும் அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு கிழித்து, முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

மேடம் என்னைத் திட்டவில்லை, வேலையை விட்டும் எடுக்கவில்லை. "சுவத்துல எழுதினது யாரு?" என்று மட்டும் கேட்டார். பிறகு தண்டனையைச் சொன்னார்: மறுபடி மூன்று நாள் அதே வண்டி, அதே தெருக்கள். ஒவ்வொரு முனையிலும் வண்டியை அணைத்துவிட்டு, இறங்கி நின்று, என் சொந்தக் குரலில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பிறகு அந்தப் பதினோரு நிமிஷத்தையும் வெட்டாமல் போட வேண்டும். என் சொந்தக் குரல் எவ்வளவு சன்னமானது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"அப்போ நான் அழுதது?" என்று ஒரு அம்மா இடுப்பில் கை வைத்துக் கேட்டார். "என் கண்ணீரை யாரு திருப்பித் தருவா?" பாதிப் பேர் முதல் மௌனத்திலேயே கலைந்துபோனார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் கடைசி வரைக்கும் நின்று கேட்டார்கள். மறுநாள் நாற்காலியை எடுத்துவிட்டு விரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

அக்கா வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் தையல் மிஷினை நிறுத்தவில்லை.

"ரெண்டு நாள் தூங்கலை அவன். தன் வாயையே நம்பலை. ராத்திரியெல்லாம் 'நான் சொன்னேனாக்கா, நான் சொன்னேனாக்கா'ன்னு கேட்டான். எனக்கே சந்தேகம் வந்துருச்சு. என் தம்பி மேல எனக்கே! என்கிட்ட என்னத்த மன்னிப்புக் கேக்குற? அவன்கிட்டப் போ."

அவர் சொன்ன இடத்துக்குப் போக எனக்கு இன்னும் பத்து நாள் ஆனது. ஒரு நாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டுப் பையைத் தோளில் குறுக்காக மாட்டியிருந்தார். அட்டை சட்டைப்பையில் இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். வழி முழுக்க மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் எல்லாம் யார் யாரோ பேசுகிற மாதிரி இருந்தன.

"அண்ணே... தப்புப் பண்ணிட்டேண்ணே. உங்க குரலை எடுத்தேன். அப்புறம் மறந்துட்டீங்கன்னு பொய்யும் சொன்னேன்."

கை மேலே போனது.

"பொறுங்க."

பொறுத்தேன். ஒரு லாரி போனது. இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். நிறுத்தத்துக்கு மேலே மின்விசிறி ஏது? அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. அதே கண்டக்டர். அண்ணன் அட்டையைப் பின்பக்கம் திருப்பி, கோட்டைக் காட்டினார். கண்டக்டர் தலையை ஆட்டினார். அண்ணன் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். நானும் ஏறப் படியில் கால் வைத்தேன்.

"நீ வராத" என்றார் உள்ளேயிருந்து. அதற்கு மட்டும் பொறுங்க இல்லை.

காலை எடுத்துக்கொண்டேன். பஸ் நகர்ந்தது. ஜன்னல் என்னைத் தாண்டும்போது, நான் சொன்னதற்கு உண்டான பதில் வந்து சேர்ந்தது. அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் மறக்கலை."